பினாங்குக்குப் போன பையன்

பூவந்தி பக்கத்து டூரிங் கொட்டகையில் அப்பா ஆபரேட்டர். 'சிவகங்கைச் சீமை' ஓடிய மூன்று நாளும் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். கதை எழுதித் தயாரித்த கண்ணதாசன் எங்கள் சீமைக்காரர், சிறுகூடல்பட்டியில் பிறந்தவர். 1959 மே மாதம், கலரில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வெளியான சில நாட்களில் இந்தக் கறுப்பு வெள்ளைப் படமும் வந்தது. ஜனம் கலருக்குப் போய்விட்டது. என் மனசு இதை விட்டு நகரவில்லை.

அந்தப் படம் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நின்ற மருது சகோதரர்களின் கதை. அவர்களை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டது எல்லோருக்கும் தெரியும். காளையார்கோவிலில் சமாதி இருக்கிறது. மதுரையிலிருந்து போய்க் கும்பிட்டுவிட்டுப் பொழுதோடு திரும்பிவிடலாம். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு எங்கே போய் விளக்கேற்றுவது?

அவனுக்கு அப்போது 15 வயது. 1802 பிப்ரவரியில் அவனையும் எழுபதுக்கும் மேற்பட்ட போராளிகளையும் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தியது கம்பெனி. தூக்கிலிட்டால் அந்த இடம் கோயிலாகிவிடும். கடல் கடத்திவிட்டால் அழுவதற்கும் ஓர் இடம் கிடையாது. தூக்கைவிடக் கொடிய தண்டனை இதுதான் என்பேன்.

கர்னல் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரிக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. பின்னாளில் அவரையே எதிர்த்துப் போரிட்ட படையில் வெல்ஷும் இருந்தார். 1818-இல் பினாங்கில் தளர்ந்துபோன ஒரு கிழவர் வெல்ஷின் முன்னால் வந்து நின்றார். அடையாளம் தெரியவில்லை. பெயரைக் கேட்ட பிறகுதான் அது துரைசாமி என்று புரிந்தது. 1830-இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷே இதை எழுதியிருக்கிறார்.

போலந்துக்காரர்கள் ஜார் ஆட்சியில் சைபீரியாவுக்குக் கடத்தப்பட்ட தங்கள் பிள்ளைகளை மறக்கவில்லை. பேசும்படம் அங்கே தலையெடுத்த 1930-லேயே, ஹென்றிக் ஷாரோ இயக்கத்தில் 'சைபீரியாவுக்கு' என்றே பெயர் வைத்துப் படம் எடுத்துவிட்டார்கள்.

நம் இயக்குநர்களிடம் கேட்கிறேன். தூக்குமேடையோடு படத்தை முடித்துவிடாதீர்கள். தூத்துக்குடித் துறையில் தொடங்குங்கள். பினாங்கில் அந்தக் கிழவர் தன் பெயரைச் சொல்லும் இடம்வரை கொண்டுபோங்கள். அன்றைக்கு அந்தக் கிழவருக்கு வயது முப்பத்தொன்றுதான்.