அரபுத் தமிழ்க் கித்தாபுகளும் மின்பட்டியலும்

நாகப்பட்டினத்திற்குத் தெற்கே வேளாங்கண்ணி, வடக்கே நாகூர். இவ்விரு கடற்கரை ஊர்களின் வரலாற்றை நூல்களில் தேடப் புகுவோர் முதலில் இடறுவது பெயர்களில்தான். வேளாங்கண்ணி, வேளாங்கன்னி எனத் தமிழிலேயே இருவகை வழக்கு உண்டு. நாகூர்ப் பெரும்புலவர் குலாம் காதிறு நாவலரின் (1833–1908) பெயரையோ காதிர், காதிறு எனப் பலவாறாகக் காண்கிறோம். படிப்பவர் இவை ஒன்றென உணர்ந்துகொள்வார். கணினிக்கு ஓரெழுத்து மாறினால் ஊரும் வேறு, ஆளும் வேறு.

பழைய நூல்களை மின்வடிவாக்கும் பணி இன்று பெருகியுள்ளது. ஆயினும் ஏடுகளைப் படம் பிடிப்பது பாதி வேலையே. ஆசிரியர், தலைப்பு, மொழி, ஆண்டு, இடம் ஆகிய விவரங்களைக் குறித்து வைப்பது மறுபாதி. இக்குறிப்பையே மீத்தரவு என்பர். நமக்கு இது புதிதன்று. பக்தாதில் இப்னுந் நதீம் ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) தொகுத்த ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ குறிப்பிடும் நூல்களில் பல இன்று கிடைப்பதில்லை. அவை இருந்தன என்பதற்கு அப்பட்டியலே சாட்சி.

ஒரு நூலகத்தின் பட்டியலை மற்றொரு நூலகத்தின் கணினி புரிந்துகொள்ள வேண்டுமாயின் இரண்டுக்கும் பொதுவான நடை தேவை. 1998இல் வரையறுக்கப்பட்ட எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழி அதற்கு உதவுகிறது. ஒவ்வொரு விவரத்தின் முன்னும் பின்னும் ‘இது தலைப்பு’, ‘இது மொழி’ என்று அடையாளம் இடுவதே அதன் முறை. எந்தெந்த அடையாளங்கள், எவ்வகையில் வரலாம் என்று விதிப்பது ஸ்கீமா. இலக்கண நூல் போன்றது எனலாம். 1995இல் அமெரிக்காவின் டப்ளின் நகரில் கூடியோர் தொடங்கிவைத்த டப்ளின் கோர் 15 கூறுகளே கொண்டது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2002இல் வெளியிட்ட மோட்ஸ் அதனினும் விரிவானது. இக்குறிப்புகளை ஒரு களஞ்சியத்திலிருந்து மற்றொன்று திரட்டிக்கொள்ளும் நெறிமுறைக்கு ஓஏஐ என்று பெயர்; ‘அறுவடை’ என்றே அதனைக் கூறுகின்றனர். டெல்டா வாசிகளுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. கித்தாபு தன் ஊரிலேயே இருக்கும். குறிப்பு மட்டும் பயணம் போகும்.

பயணம் போகும் குறிப்பு பிழையானதாக இருந்தால்? கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ‘மகானி’ அரபுத் தமிழ் நூல்; மொழி தமிழ், எழுத்து அரபு. பட்டியலிடுபவர் எழுத்தை மட்டும் பார்த்து மொழி என்னுமிடத்தில் ‘அரபு’ என நிரப்பிவிட்டால், தமிழ் நூல் தேடுவோர்க்கு அது ஒருபோதும் அகப்படாது. அரபு நூல் தேடுவோர்க்கு அகப்படும், ஆனால் விளங்காது. எம் மாணவர்களிடம் பட்டியல் எழுதும் பயிற்சி அளித்தபோது, ஓதத் தெரிந்த அவர்களே முதல் நாள் இத்தவற்றைச் செய்தனர். ஸ்கீமா இதனைத் தடுக்காது. ‘அரபு’ என்பதும் செல்லத்தக்க விடைதானே! அறுவடை செய்யும் நூலகங்கள் அனைத்திற்கும் பிழை அப்படியே பரவும். அறிவிப்பாளர் ஒருவரின் மறதி ஸனது நெடுகிலும் தொடர்வதைப் போன்றது இது.

மோட்ஸில் மொழிக்குத் தனி இடமும் எழுத்துக்குத் தனி இடமும் உள்ளன. டப்ளின் கோரின் எளிய வடிவில் மொழிக்கு மட்டுமே இடம் உண்டு. ஓஏஐ நெறிமுறையோ டப்ளின் கோர் வடிவையும் கட்டாயம் கேட்கிறது. எனவே மோட்ஸிலிருந்து மாற்றும்போது எழுத்து பற்றிய செய்தி உதிர்ந்துவிடக்கூடும். தமிழுக்கான ‘டிஏ’ என்னும் குறியீட்டோடு ஒரு சிறு கோடிட்டு அரபு எழுத்துக்கான ‘அரப்’ குறியீட்டையும் சேர்த்தெழுதினால் இழப்பு நேராது. பன்னாட்டு மொழிக்குறியீட்டு முறை இதனை அனுமதிக்கிறது.

ஊர்ப்பெயர், ஆட்பெயர் சிக்கலுக்கும் வழி உண்டு. பெயரை நூலில் உள்ளவாறே எழுதி, எல்லா வடிவங்களுக்கும் பொதுவான ஓர் அடையாள எண்ணை உடன் இணைத்தல் வேண்டும். வேளாங்கண்ணியை எப்படி எழுதினாலும் எண் ஒன்றே.

ஆண்டு மட்டும் இன்னும் கவனிக்கத்தக்கது. நூலின் இறுதியில் ‘1300’ என்றிருப்பதை அப்படியே பதிந்தால் கணினி அதனைப் பதினான்காம் நூற்றாண்டின் வாயிலில் கொண்டுபோய் வைக்கும். ஹிஜ்ரி 1300 என்பது 1882 நவம்பரில் தொடங்கி 1883இல் முடிவது. ஆகவே மூலத்தில் உள்ள ஆண்டை ஹிஜ்ரி எனக் குறித்து ஓரிடத்திலும், 1882–1883 என்பதை மற்றோரிடத்திலும் எழுத வேண்டும்.