மின்முனை சொன்னதும் பென்ஃபீல்டு கேட்டதும்

மூளையின் மேற்பரப்பில் ஓரிடத்தை மின்சாரத்தால் தொட்டவுடன் நோயாளியின் கட்டைவிரல் துடித்தால், கட்டைவிரலை ஆட்டுவிக்கும் இடம் அகப்பட்டுவிட்டது என்று முடிவுகட்டத் தோன்றும். மாண்ட்ரியல் நகரின் மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டின் பெயரைப் பாடப்புத்தகங்களில் நிலைநிறுத்தியது இந்த வகை முடிவுதான். மூளையில் ஒவ்வோர் உறுப்புக்கும் உள்ள இடத்தின் அளவுக்கேற்ப வரையப்பட்டு, உதடும் நாக்கும் விரல்களும் பெருத்து, உடலும் காலும் சூம்பிப்போன அந்த விசித்திர மனித உருவத்தை மருத்துவ மாணவர்கள் யாரும் மறப்பதில்லை. ஆனால் அவருடைய ஆய்வுப் பதிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. மின்முனை எதையாவது செய்யவைத்தபோது தந்த சாட்சியத்தைவிட, நடந்துகொண்டிருந்த எதையாவது நிறுத்தியபோது தந்த சாட்சியமே உறுதியானது. பென்ஃபீல்டு வென்றதும் சறுக்கியதும் ஏறக்குறைய இந்தக் கோட்டின் இரு பக்கங்களில்தான்.

தூண்டிப் பார்க்கும் முறை அவர் கண்டுபிடித்ததல்ல. 1870இல் பெர்லினில் ஃபிரிட்ஷும் ஹிட்சிக்கும் நாயின் மூளையில் அதைச் செய்துகாட்டினார்கள். 1874இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ராபர்ட்ஸ் பார்த்தலோ என்ற மருத்துவர், புற்று அரித்து மண்டையோட்டில் ஓட்டை விழுந்திருந்த ஒரு பெண்ணின் மூளைக்குள் ஊசிகளைச் செருகி மின்சாரம் பாய்ச்சினார். வலிப்பு கண்ட அந்தப் பெண் சில நாட்களில் இறந்தார். பார்த்தலோ கண்டனத்துக்கு ஆளானார். அது ஆராய்ச்சி அல்ல, அத்துமீறல். ஹார்வி குஷிங், ஜெர்மனியின் ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர் போன்றவர்களின் கையில்தான் தூண்டிப் பார்க்கும் முறை சிகிச்சைக்கு உதவும் கருவியானது. 1891இல் அமெரிக்காவில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் உடலியலாளர் ஷெரிங்டனிடம் பயின்ற பென்ஃபீல்டு, 1928இல் ப்ரெஸ்லாவுக்குப் போய் ஃபோர்ஸ்டரிடம் இதைக் கற்றார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில், அவர் தலைமையில் 1934இல் மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனம் எழுந்தது. அவரிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டிதான் 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கியவர்.

மாண்ட்ரியலில் இந்த முறையோடு பென்ஃபீல்டு கூட்டிச் சேர்த்தது, கணக்குப்பிள்ளைக்குரிய ஒழுங்கு. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயாளியின் தலைத்தோலை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, மண்டையோட்டைத் திறப்பார்கள். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது என்பதால் நோயாளி விழித்தபடி பேசிக்கொண்டே இருப்பார். மின்முனை தொட்ட இடத்தில் ஏதாவது நடந்தால் அங்கே எண் எழுதிய பொடிக் காகிதத் துண்டு ஒன்றை வைப்பார்கள். நோயாளி சொன்னதை அருகிலிருப்பவர் அப்படியே எழுதிக்கொள்வார். கடைசியில் எண்கள் ஒட்டிய மூளையைப் புகைப்படம் எடுப்பார்கள். சில நேரம் எச்சரிக்காமல் மின்சாரம் செலுத்துவார் பென்ஃபீல்டு. சில நேரம் செலுத்துவதாகச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார், நோயாளி கற்பனையில் பதில் சொல்கிறாரா என்று பார்க்க. இத்தனையும் வலிப்பு கிளம்பும் இடத்தை வெட்டும்போது கையும் பேச்சும் போய்விடக் கூடாதே என்பதற்காக. அறிவியல், சிகிச்சையின் துணைவிளைவாக வந்தது.

163 அறுவைகளின் பதிவுகளைத் திரட்டி, எட்வின் போல்ட்ரேயுடன் சேர்ந்து 1937இல் அவர் வெளியிட்ட கட்டுரை உடலின் வரைபடத்தைத் தந்தது. அது வீண் போகவில்லை. அந்த வரைபடத்தில் முகத்தின் இடம் கையின் இடத்தை ஒட்டியிருக்கிறது. கையை இழந்தவரின் கன்னத்தைத் தொட்டால் இல்லாத கையில் தொடுவதுபோல் உணர்வதை, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் இந்த அண்டை உறவைக் கொண்டுதான் விளக்கினார். ஆனால் பதிவுகளில் விரலின் புள்ளிகளும் மணிக்கட்டின் புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பார்க்க எளிதாக இருக்கட்டும் என்று வரைந்த மனித உருவம் அந்தக் குழப்பத்தைத் துடைத்துவிட்டது. 2023இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள், கால், கை, வாய் என்ற பகுதிகளுக்கு இடையில் முழு உடலின் செயலையும் திட்டத்தையும் இணைக்கும் இடைப்பகுதிகள் இருப்பதாக ஸ்கேன் வழியே காட்டினார்கள். விரல் துடித்த இடத்தில் விரல் மட்டும் குடியிருக்கிறது என்று சொல்ல வழியில்லை.

பேச்சுக்கு வந்தால் கதையே வேறு. எத்தனையோ நோயாளிகளைத் தொட்டும், மின்முனை ஒருவரைக்கூடப் பொருளுள்ள ஒரு சொல்லைச் சொல்லவைக்கவில்லை. உயிரொலி போன்ற ஒரு நீண்ட சத்தம் வந்ததுண்டு, அவ்வளவுதான். நிறுத்த மட்டும் அதற்குத் தெரிந்திருந்தது. ஒரு நோயாளியிடம் வண்ணத்துப்பூச்சியின் படத்தைக் காட்டினார்கள். அதே சமயம் பேச்சுப் பகுதியில் மின்முனை வைக்கப்பட்டது. அவர் மௌனமானார்; பெயர் நாவில் வராத எரிச்சலில் விரலைச் சொடுக்கினார். மின்முனையை எடுத்ததும் சொல் வந்துவிட்டது. அது வராததால் விட்டில்பூச்சி என்ற சொல்லையாவது பிடிக்கப் பார்த்ததாகவும் அதுவும் வரவில்லை என்றும் விளக்கினார். பொருள் புரிந்திருக்கிறது, தேடும் முயற்சி இருக்கிறது, சொல் மட்டும் வராமல் நிற்கிறது. நிறுத்தியதால் கிடைத்த இந்த ஒரு நிமிடக் காட்சி, செய்யவைத்த நூறு துடிப்புகளைவிட அதிகம் சொல்கிறது. ஓடும் தறிக்குள் குச்சியை நுழைத்தால் எந்த இழை அறுகிறது என்பது தெரியும். குச்சியைக் கொண்டு சேலை நெய்ய முடியாது.

நெய்ய முடியும் என்று பென்ஃபீல்டு நம்பிய இடம் நினைவாற்றல். நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளைப் பகுதியான பொட்டுமடலைத் தூண்டியபோது சிலர் பழகிய குரல்களைக் கேட்டார்கள். ஒருவருக்கு இசைக்குழு வாசிப்பது கேட்டது. வாழ்வின் ஒவ்வொரு நொடியும் மூளையில் ஒலிநாடா போலப் பதிவாகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. ஆனால் 1963இல் ஃபனோர் பெரோவுடன் சேர்ந்து அவரே தந்த எண்ணிக்கையைப் பாருங்கள்: 1,132 நோயாளிகள், அவர்களில் பொட்டுமடல் தூண்டப்பட்டவர்கள் 520 பேர், இத்தகைய அனுபவம் கண்டவர்கள் 40 பேர். இந்த 40 பேரும் நெடுநாள் வலிப்பு நோயாளிகள். சிலருக்கு வலிப்பு வரும் முன் தோன்றும் காட்சியேதான் மின்முனையிலும் தோன்றியது. அவர்கள் பொய் சொன்னார்களா என்று கேட்பது நியாயம். இல்லை, அனுபவம் உண்மை. அது நடந்த சம்பவத்தின் பதிவு என்பதற்குத்தான் ஆதாரமில்லை. காட்சி தோன்றிய இடத்தை வெட்டி எடுத்த பிறகும் நோயாளிக்கு அந்த நினைவு இருந்தது என்பதைப் பென்ஃபீல்டே எழுதியிருக்கிறார். இதனால் பதிவு வேறெங்கோ இருக்கிறது என்று கருத்தை மாற்றினாரே தவிர, பதிவு என்ற எண்ணத்தை அவர் கைவிடவில்லை. கனவுபோல மூளை அந்த நேரத்தில் கட்டியெழுப்பிய காட்சியாக அது ஏன் இருக்கக் கூடாது? 1980இல் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் எழுப்பிய ஐயம் இதுவே. அதற்கு இந்தப் பதிவுகளில் விடையில்லை.

மின்சாரம் குலைக்க மட்டுமே செய்யும் என்றால், பார்க்கின்சன் நோயாளியின் மூளைக்குள் மின்கம்பி பதித்தவுடன் நடுக்கம் அடங்குவது எப்படி என்று கேட்கலாம். 1987இல் பிரான்ஸின் கிரெனோபிளில் அலிம்-லூயி பெனாபிட், நடுக்கத்துக்குக் காரணமான இடத்தைச் சுட்டு அழிப்பதற்கு முன் தூண்டிப் பார்த்தபோது, விநாடிக்கு நூறு துடிப்பை நெருங்கியதும் நடுக்கம் நின்றது. இன்று பரவலாகிவிட்ட அந்தச் சிகிச்சையின் பிறப்பே ஒரு நிறுத்தம். நோய் உண்டாக்கிய தாளத்தைக் குலைப்பதால் நோயாளி நிம்மதி பெறுகிறார். இது என் வாதத்துக்கு எதிரானதல்ல, துணை.

இதைவிடக் கடினமான ஆட்சேபணை பென்ஃபீல்டிடமிருந்தே வருகிறது. கையை ஆட்டவைத்தால், நான் ஆட்டவில்லை, நீங்கள்தான் ஆட்டினீர்கள் என்றார்கள் நோயாளிகள். முடிவெடுக்கவோ நம்பவோ வைக்கும் இடம் எங்கும் சிக்கவில்லை. ஆகவே மனம் மூளைக்குள் அடங்காது என்ற பக்கம் 1975இல் எழுதிய நூலில் அவர் சாய்ந்தார். மின்முனையின் மௌனத்தை மதிக்கச் சொல்பவர் இந்த மௌனத்தையும் ஏற்க வேண்டாமா? வேண்டாம், இரண்டும் ஒன்றல்ல. நோயாளி படத்துக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கும்போது தொட்டால், பேச்சு நின்றாலும் செய்தி, நிற்காவிட்டாலும் செய்தி. தொட்டும் எண்ணம் எதுவும் முளைக்கவில்லை என்பது அப்படியல்ல. தேடியவர் தவறான இடத்தில் தேடியிருக்கலாம். பின்னால் வந்தவர்களுக்கு அப்படிப்பட்ட இடங்கள் சிக்கவும் செய்தன. 1991இல் இட்ஸாக் ஃபிரீட் குழுவினர் தூண்டிய நோயாளிகள் கையை அசைக்க வேண்டும் என்ற உந்துதலை உணர்ந்தார்கள். 2009இல் பிரான்ஸில் டெமுர்ஜே குழுவினர் பக்கமடலைத் தூண்டியபோது அசைக்கும் ஆசை வந்தது. மின்சாரத்தைக் கூட்டியதும், தசை துளியும் அசையாதபோதே அசைத்துவிட்டதாக நோயாளிகள் நம்பினார்கள். பென்ஃபீல்டின் தத்துவம் அவருடைய தரவுகளைவிடச் சீக்கிரம் பழையதாகிவிட்டது.

அறுவை அரங்கில் இன்று நிலைத்திருப்பது நிறுத்திப் பார்க்கும் அந்த முறைதான். சியாட்டிலில் ஜார்ஜ் ஓஜெமான் 117 பேரிடம் பேச்சுப் புள்ளிகளைத் தேடி 1989இல் வெளியிட்ட ஆய்வு, அவை ஆளுக்கு ஆள் இடம் மாறுவதைக் காட்டியது. பாடப்புத்தகப் படத்தை நம்பிக் கத்தி வைக்க முடியாது என்று அதற்குப் பொருள். 2008இல் கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோவில் மிட்செல் பெர்கர் குழுவினர், பேச்சுப் பகுதியருகே கட்டி வந்த 250 பேரின் அறுவைகளைத் தொகுத்தார்கள். அவர்களில் 58 விழுக்காட்டினரிடம் மட்டுமே பேச்சோ பெயர் சொல்வதோ வாசிப்போ நின்ற புள்ளி ஒன்றாவது அகப்பட்டது. மற்றவர்களுக்கு, திறந்த பகுதியில் எதுவும் நிற்கவில்லை என்பதையே துணையாகக் கொண்டு கட்டியை அகற்றினார்கள். மொத்தத்தில் அறுவைக்குப் பின் 56 பேருக்குப் பேச்சு புதிதாகக் குறைந்தது அல்லது முன்பைவிட மோசமானது. ஆறு மாதத்தில் அவர்களில் 52 பேர் பழைய நிலைக்கோ அதைவிட மேலான நிலைக்கோ வந்துவிட்டார்கள். நிரந்தரக் குறை தங்கியது நான்கு பேருக்கு.