வெரிகோஸ் வெயினுக்கு இன்சூரன்ஸ் பணம் தருமா?

இன்னைக்கு எபிசோட் எங்க அம்மாவோட காலைப் பத்தினது.

அம்மா ஈரோட்டுல ஒரு ஜவுளிக்கடையில 16 வருஷம் சேல்ஸ் வேலை பார்த்தாங்க. காலையில நின்னா ராத்திரி கடை சாத்துற வரைக்கும் நிக்கணும். கெண்டைக்கால்ல நரம்பு முடிச்சு முடிச்சா புடைச்சு, கணுக்கால் பக்கம் தோல் கறுத்துப் போன பிறகுதான் முதல் தடவையா டாக்டரைப் பார்த்தாங்க. ரெண்டு கால்லயும் லேசர் பண்ணணும்னு சொன்னார். நான் எடுத்துக் கொடுத்த பாலிசிக்கு அப்போ 18 மாசம். க்ளெய்ம் ரிஜெக்ட். அன்னைக்குத்தான் பாலிசி டாக்குமென்ட்டை முழுசா படிச்சேன். தப்பு என் மேலதான்.

முதல்ல நோயைப் புரிஞ்சுக்கலாம். நாம நரம்புன்னு சொல்றது நிஜத்துல நரம்பு இல்லை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்புற ரத்தக்குழாய். அதுக்குள்ள ஒருவழி வால்வு இருக்கு. அது பழுதானா ரத்தம் கீழேயே தேங்கி, குழாய் புடைச்சுக்கும். டாக்டர்கள் இதை சி0 முதல் சி6 வரைக்கும் பிரிக்கிறாங்க. சி1-ங்கிறது சிலந்தி வலை மாதிரி தெரியுற மெல்லிசான கோடுகள். 3 மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும் தடிச்சா சி2. வீக்கம் சி3, தோல் மாற்றம் சி4, ஆறின புண் சி5, ஆறாத புண் சி6.

இன்சூரன்ஸ்ல முதல் சிக்கல் இங்கதான். அழகுக்காகச் செய்யுற சிகிச்சைக்குப் பாலிசி பணம் தராது. சிலந்தி நரம்புக்கு ஊசி போடுறது பெரும்பாலும் அந்தக் கணக்குல போயிடும். அட்மிட் ஆகாம ஓபி-யிலேயே முடியுறதால டே கேர்லயும் வராது. சி2-வும் அதுக்கு மேலயும் இருந்து, வலி, வீக்கம், புண்ணுன்னு தொந்தரவும் இருந்தா அது நோய். அதை நிரூபிக்க டாப்ளர் ஸ்கேன் வேணும். ரத்தம் பின்னோக்கி ஓடுறது அரை செகண்டுக்கு மேல நீடிச்சா, பொதுவா வால்வு பழுதுன்னு எடுத்துக்கறாங்க. ஸ்கேன் ரிப்போர்ட், எந்த ஸ்டேஜ், எவ்வளவு நாளா ஸ்டாக்கிங்ஸ் போட்டும் சரியாகலை, இதெல்லாம் டாக்டர் கடிதத்துல இருக்கட்டும்.

ரெண்டாவது, காத்திருப்புக் காலம். எங்களுக்கு இடிச்சது இதுதான். எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி விக்கிற ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியிலயே, ஹெர்னியா, மூலம், கண்புரை இருக்குற 24 மாசப் பட்டியல்ல வெரிகோஸ் வெயினும் இருக்கு. பாலிசி எடுத்த பிறகு வந்தாலும் 24 மாசம் காத்திருக்கணும். பாலிசிக்கு முந்தின 36 மாசத்துல டாக்டர் கண்டுபிடிச்சிருந்தாலோ சிகிச்சை சொல்லியிருந்தாலோ, அது 'ஏற்கனவே இருந்த நோய்'. அதுக்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாசம்னு 2024-ல ஐஆர்டிஏஐ குறைச்சிருக்கு. அப்படி இருந்தா மறைக்காதீங்க, பின்னாடி க்ளெய்மே போயிடும்.

ஐடி கம்பெனி குரூப் பாலிசிகள்ல பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு கிடையாது. அப்பா அம்மாவைச் சேர்க்க வாய்ப்பு இருந்தா ஹெச்ஆர்-கிட்ட இன்னைக்கே கேளுங்க. மாசம் 21,000 ரூபாய்க்குள்ள சம்பளம் வாங்கி இஎஸ்ஐ பிடிச்சா, அங்கயும் இப்படி நோய்வாரியா ஒரு பட்டியல் இல்லை. அம்மா வேலையை விட்டதும் எங்களுக்கு அது நின்னு போச்சு.

ரிஜெக்ட் ஆனா, எந்த விதிப்படின்னு எழுத்துல வாங்குங்க. முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்க. மறுத்தாலோ ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலோ, ஒரு வருஷத்துக்குள்ள சென்னையில இருக்குற இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மன்கிட்ட போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரைக்கும் அவர் விசாரிப்பார்.

எங்க கேஸ்ல ஓம்பட்ஸ்மன்கிட்ட போயும் பலன் இருந்திருக்காது. 24 மாசம்னு தெளிவாவே போட்டிருந்தாங்க. மோசமா இருந்த வலது காலுக்குக் கைக்காசைப் போட்டோம். இடது காலுக்கு ஸ்டாக்கிங்ஸோட ஆறு மாசம் ஓட்டி, 24 மாசம் தாண்டின பிறகு பண்ணினோம். அந்த க்ளெய்ம் பாஸ் ஆச்சு.

இன்னொன்னு. கடையில வேலை செய்யுறவங்களுக்கு உட்கார இருக்கை தரணும்னு தமிழ்நாட்டுல 2021-லேயே சட்டத்திருத்தம் வந்தாச்சு. கேரளாவுல 2018-ல வந்தது. அடுத்த தடவை துணி எடுக்கப் போறப்போ, புடவை எடுத்துப் போடுற அக்காவுக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாமுங்க.