சுங்கை ஊடாங் முகாமில் எத்தனை குடித்தனம்?

மலாக்கா நகரிலிருந்து கடலோரமாக வடமேற்கே போனால் சுங்கை ஊடாங். அங்குள்ள பெரிய ராணுவ முகாமின் பெயர் தெரெண்டாக். ஓலையில் முடைந்த கூம்புத் தொப்பிக்கு மலாயில் இந்தப் பெயர். வெயிலில் பாடுபடுகிறவர் தலைக்குக் கவிழ்ப்பது பட்டாளத்தின் முகவரி ஆனது வேடிக்கைதான். நம் தோட்டத்து ‘லயம்’ மட்டும் என்ன? ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. சிப்பாய்களின் குடில் வரிசைக்கும் அதே பெயர்தான்.

1950களின் இறுதியில், அவசரகாலம் ஓயும் தறுவாயில், 28வது காமன்வெல்த் காலாட்படைப் பிரிகேடுக்காக இதைக் கட்டினார்கள். மெர்டேக்கா கிடைத்த பிறகும் அந்நியப் படையா என்று கேட்கலாம். 1957ல் கையெழுத்தான ஆங்கிலோ-மலாயா தற்காப்பு ஒப்பந்தம் அதற்கு வழிவிட்டிருந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பட்டாளத்தார் பெண்டு பிள்ளைகளோடு குடியேறினார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் உள்ளேயே.

சும்மா இருந்த படையும் அல்ல. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த காலம். 1964 அக்டோபர் 29 அன்று மலாக்கா-ஜொகூர் எல்லையில், கெசாங் ஆற்று முகத்துவாரத்தில், சுமார் ஐம்பது இந்தோனேசியப் படையினர் படகில் வந்து இறங்கினார்கள். தெரெண்டாக்கிலிருந்து போன ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் சில நாட்களில் அவர்களில் பெரும்பாலோரைப் பிடித்துவிட்டன.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து படைகளைத் திரும்பப் பெறுவதாக 1968ல் பிரிட்டன் அறிவித்தது. பிரிகேடு சிங்கப்பூருக்கு மாறியது. முகாம் மலேசிய ராணுவத்தின் கைக்கு வந்தது. இன்று 10வது பாராசூட் பிரிகேடின் தலைமையகம் அங்கேதான், ராணுவ மருத்துவமனையும் இருக்கிறது. மலாக்காவில் கைமாறுவது புதிதில்லை. போர்த்துகீசியர் கட்டிய சந்தியாகோ வாசலில் டச்சுக் கம்பெனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும் பொறித்திருப்பதை யாரும் பார்க்கலாம்.

தெரெண்டாக்கில் அப்படி எழுதி வைக்கவில்லை. பழைய குடித்தனக்காரர்கள் விட்டுப் போனது கல்லறைத் தோட்டத்தை. வியட்நாமில் இறந்த ஆஸ்திரேலியர்கள் சிலரும் இங்கே புதைக்கப்பட்டார்கள். உடலை அரசு செலவில் ஊருக்கு அனுப்பும் வழக்கம் 1966 வரை அவர்களிடம் இல்லை. அரை நூற்றாண்டு கழித்து, 2016 ஜூனில், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த 33 பேரின் எச்சங்களை ஆஸ்திரேலியா எடுத்துச் சென்றது. அவர்களில் படைவீரர்களின் குழந்தைகளும் உண்டு. 2018ல் நியூசிலாந்தும் தன்னவர்களைக் கொண்டுபோனது. பிரிட்டிஷ் கல்லறைகள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. பார்க்க வருகிற உறவினர்கள் அனுமதி வாங்கித்தான் நுழைய வேண்டும்.