எரிமலை உச்சியில் பனிக்குகை

1870 ஆகஸ்ட் 17. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ரெய்னியர் எரிமலையின் உச்சியை ஹசார்ட் ஸ்டீவன்ஸ், ஃபிலிமன் வான் ட்ரம்ப் என்ற இருவர் அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உயரம் சுமார் 4,390 மீட்டர். கடுங்குளிர், சூறைக்காற்று. போர்த்திக்கொள்ளக் கம்பளிகூட இல்லை. அன்றிரவு அவர்களைக் காப்பாற்றியது, எரிமலை வாய்க்குள் இருந்த ஒரு பனிக்குகை!

அந்தக் குகையைக் குடைந்தது எரிமலையின் வெப்பம்தான். கிண்ணம்போல் குழிந்த எரிமலை வாயில் ஆண்டுதோறும் பனி பெய்து, தன் எடையாலேயே இறுகிக் கட்டியாகிறது. அடியில் பாறைப் பிளவுகள் வழியே சூடான நீராவியும் வாயுக்களும் இடைவிடாமல் கசிகின்றன. வெப்பம் பனியை அடியிலிருந்து உருக்குகிறது. உருகிய நீர் பாறைக்குள் இறங்கி, சூடேறி, மறுபடி ஆவியாகி மேலே வந்து சுரங்கத்தை அகலமாக்குகிறது. மேலே புதுப்பனி விழுந்து கூரையைத் தடிக்க வைக்கிறது. இந்த இரண்டும் ஈடுகொடுக்கும் வரை குகை நிலைக்கும். வெப்பம் கூடினாலோ, பனிப்பொழிவு குறைந்தாலோ அதன் வடிவமே மாறிவிடும். ஆகவே இக்குகைகளை அளந்து பார்ப்பது, எரிமலையின் நாடித்துடிப்பைப் பார்ப்பதற்குச் சமம்.

ரெய்னியரின் மேற்குப் பக்க எரிமலை வாய்க்குள், பனிக்கடியில் ஒரு சிறு ஏரியே இருக்கிறது. அண்டார்க்டிகாவின் எரிபஸ் எரிமலையிலும் இத்தகைய குகைகள் உண்டு.

ஆனால் கதகதப்பை நம்பி உள்ளே நுழைந்துவிடக் கூடாது. காற்றைவிடக் கனமான கரியமில வாயு பள்ளங்களில் தேங்கி நிற்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சைத் திணறடித்து உயிரையே பறித்துவிடும். அதனால் ஆய்வாளர்கள் வாயு அளக்கும் கருவியோடுதான் உள்ளே இறங்குகிறார்கள்.