ஊசிக்கு முன் ஒரு களிம்பு

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லித்தான் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறோம். பிள்ளை நம்புவதில்லை. டிரிப் ஏற்ற ரத்தக்குழாய் கிடைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட்டால், அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுகை தொடங்கிவிடும். இந்த வலியைப் பெருமளவு குறைக்கலாம்.

ஊசி இல்லாமலே தோல் மரத்துப்போகுமா? போகும். பல் பிடுங்குமுன் ஈறில் போடும் லிடோகெய்ன் (வலி உணர்வு நரம்பில் ஓடாமல் தடுக்கும் மருந்து) களிம்பாகவும் வருகிறது.

ஆனால் மருந்தை அவ்வளவு எளிதில் தோல் உள்ளே விடாது. அதன் மேலடுக்கில் இறந்த செல்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். இடைவெளியெல்லாம் கொழுப்பு அடைத்திருக்கும். வெளியே உள்ளது உடம்புக்குள் புகாமல் காப்பதே அதன் வேலை.

அங்கேதான் லைப்போசோம் (கொழுப்பு உறையாலான நுண்பை) உதவுகிறது. முட்டை மஞ்சள் கருவிலும் சோயாவிலும் உள்ள லெசித்தின் என்ற கொழுப்பிலிருந்தே இதைச் செய்யலாம். 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் இதைக் கண்டறிந்தார். தோலில் பூசும் மருந்தை இதில் அடைத்துக் காட்டிய முன்னோடி ஆய்வு 1980இல் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. எழுதியவர்கள் மெசே, குலசேகரம் என்ற இருவர். இரண்டாவது பெயர் நம் காதுக்குப் பழகிய பெயர். மரப்பு மருந்தை அடைத்துப் பார்த்த ஆய்வு 1988இல் வெளியானது.

பை முழுசாகத் தோலைத் துளைத்துப் போகிறதா? பெரும்பாலும் இல்லை. அதன் கொழுப்பு தோலின் கொழுப்போடு கலக்கிறது. மருந்து மேல்தோலில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளிறங்குகிறது.

உங்களுக்கு இதனால் என்ன லாபம்? நேரம். நம் மருந்துக்கடைகளில் பரவலாகக் கிடைப்பது லிடோகெய்னும் பிரிலோகெய்னும் சேர்ந்த களிம்பு. அதைத் தடிப்பாக வைத்து, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். லைப்போசோமில் அடைத்த 4 சதவீத லிடோகெய்னுக்கு அரைமணி போதும், மூடவும் தேவையில்லை. டொராண்டோவில் நடந்து 2005இல் வெளியான குழந்தைகள் ஆய்வில், இதைப் பூசியவர்களில் 74 சதவீதத்தினருக்கு முதல் குத்திலேயே ரத்தக்குழாய் கிடைத்தது. மருந்தில்லாத வெறும் களிம்பு பூசியவர்களில் 55 சதவீதத்தினருக்குத்தான். வலி குறைந்தால் பிள்ளை கையை இழுக்காது.

பூசிய இடத்தில் எதுவுமே தெரியாதா? தொடுவதும் அழுத்துவதும் தெரியும். குத்தும் வலிதான் மங்கும். இதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பனங்கருக்கு கிழித்த காயத்தில், தூண்டில் முள் ஏறிய விரலில் பூசலாமா? வேண்டாம். இது காயமில்லாத தோலுக்கான மருந்து. திறந்த புண்ணில் அது மளமளவென ரத்தத்தில் கலந்துவிடும். அங்கே மரக்கச் செய்வது டாக்டர் வேலை.

களிம்புதானே, நிறையப் பூசினால் என்ன? இங்கேதான் ஆபத்து. அமெரிக்காவில் லேசரில் முடி நீக்கப் போன இரண்டு இளம்பெண்கள், கடுமையான மரப்புக் களிம்பைக் காலெல்லாம் பூசி, பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டதால் வலிப்பு வந்து இறந்தார்கள். 2007இல் அந்நாட்டு மருந்துத் துறை இதற்காகவே எச்சரிக்கை விட்டது. அழகு நிலையத்தில் யாராவது இப்படிப் பூசிச் சுற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கைக்குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் பூசவே கூடாது. பிரிலோகெய்ன் சேர்ந்த களிம்பால் சில குழந்தைகளுக்கு ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து, உதடு நீலம் பாரிக்கும். அப்படிக் கண்டால் களிம்பைத் துடைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதயத்துடிப்புக் கோளாறோ, மரப்பு மருந்து ஒவ்வாமையோ இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நாசரேத் தூய லூக்கா மருத்துவமனைக்குப் போனாலும் தூத்துக்குடி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ஊசி எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். களிம்பு வைக்கலாமா என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். டோக்கன் போட்டு வெளியே காத்திருக்கும் நேரமே அதற்குப் போதும்.