மூச்சு செல்லும் வழி

2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. வெள்ளம் காரணமன்று, காற்று. இந்தியப் பக்கமிருந்து வந்த மாசு, வங்கக் கடலில் அப்போது சுழன்ற மாண்டஸ் புயலின் காற்றோடு நம் தீவின்மேல் கவிந்தது. கொட்டாஞ்சேனை முதல் வெள்ளவத்தை வரை வானம் மங்கிற்று. புகைக்காகப் பள்ளியை மூடுவதா என்று நகைத்தவர்களும் உண்டு. மூச்சு செல்லும் வழியை அறிந்தால் நகைக்கத் தோன்றாது.

தொண்டைக்குக் கீழே தொடங்கும் வாதனாளி ஏறத்தாழ 11 சென்றிமீற்றர் நீளமுள்ளது. அது அமுங்காதபடி 16 முதல் 20 வரையான குருத்தெலும்பு வளையங்கள் தாங்குகின்றன. வளையமென்றாலும் முழு வட்டமன்று. இலாடம்போலப் பின்புறம் திறந்தது. பின்னேயுள்ள உணவுக்குழல் கவளம் இறங்கும்போது விரிய இடம் வேண்டுமல்லவா? வாதனாளி இரண்டாகப் பிரிந்து, அவை மீண்டும் பிரிந்து, ஏறக்குறைய 23 முறை கிளைத்துக் கோடிக்கணக்கான சிற்றறைகளில் முடிகின்றது.

குழலின் உட்சுவரில் சளிப் படலமும் நுண்ணிய பிசிர்களும் உள்ளன. சளியில் ஒட்டிய தூசியைப் பிசிர்கள் ஓயாது அசைந்து மேலே தள்ளிவிடும். காலி வீதிப் புழுதியில் பெரும்பகுதி இவ்வாறே வெளியேறுகின்றது. ஆயின் 2.5 மைக்கிரோமீற்றரிலும் சிறிய துகள்கள் இக்காவலைக் கடந்து சிற்றறை வரை செல்லக்கூடியவை. புகையில் மிகுந்திருப்பவை அவையே.

கிளைகள் சிறுக்கச் சிறுக்கக் குருத்தெலும்பும் மறைந்துபோகும். 1 மில்லிமீற்றரிலும் ஒடுங்கிய புன்குழல்களைச் சூழ்ந்திருப்பது பெரும்பாலும் தசையே. தொய்வு நோயுள்ள பிள்ளைக்குப் புகை பட்டால் அத்தசை இறுகும், உட்சுவர் வீங்கும், சளி பெருகும். குழலின் விட்டம் பாதியானால் தடை இரு மடங்காகும் என்றே எண்ணுவோம். அன்று, சீராக ஓடும் காற்றுக்கு அது 16 மடங்காகும். பிள்ளையின் குழலோ முன்னமே ஒடுக்கமானது.

இன்ஹேலர் என்றாலே அஞ்சும் பெற்றோர் நம்மிடையே பலர். 'பழகிவிடும்' என்று குளிசையையே நாடுவர். குளிசை இரத்தத்திற் கலந்து உடலெங்கும் சுற்றியே குழலை அடையும். உறிஞ்சும் மருந்தோ மிகச் சிறிய அளவில், தசை இறுகிய இடத்துக்கே நேராகச் செல்லும். வைத்தியர் தந்த அக்கருவியைப் பிள்ளையின் புத்தகப் பையில் வைத்தனுப்புங்கள், வகுப்பாசிரியருக்கும் சொல்லிவையுங்கள்.